முகம் மட்டும் எழுதவில்லை

எழுத்தாளருக்கு அந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் கொழுப்புதான், வேறென்ன சொல்ல. செத்துப்போன மனைவியைப் பற்றி ஒரு முழு நாவலே எழுதினார். அவள் கை இருக்கிறது, நடை இருக்கிறது, சிரிப்பை அடக்கப் போய் இருமித் தொலைப்பது இருக்கிறது. முகத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டார். ஊருக்கெல்லாம் அவளைக் கொடுத்தாகிவிட்டது, அதையாவது நான் வைத்துக்கொள்கிறேனே என்று ஒரு பிடிவாதம். வீட்டில் புகைப்படமும் இல்லை. வெள்ளம் புகுந்த வருஷம் ஆல்பம் மொத்தமும் கூழாகிப் போயிருந்தது.

நாவலை டிவி தொடராக எடுக்க வந்த இயக்குநர் தலையைச் சொறிந்தார்.

“சார், நடிக்க ஆள் தேடணும். அம்மா எப்படி இருப்பாங்க? புத்தகத்துல தேடித் தேடிப் பாத்துட்டேன்.”

“இருக்காது. அது என்னோடது.”

“நெத்தி, மூக்கு, ஏதாவது கோடி காட்டுங்க சார்.”

“உங்களுக்குப் புடிச்ச முகத்த வச்சுக்குங்க, போங்க” என்றார், என்னவோ பெரிய வள்ளல் மாதிரி.

தொடர் ஆரம்பித்தது. மாலையானால் மகள் வேலையிலிருந்து வந்து, செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தாய் போனபோது அவள் கைக்குழந்தை; ஆல்பம் நனைந்தபோதும் விவரம் தெரியாத வயதுதான். எழுத்தாளர் பின்னால் நின்றுகொண்டு, “இந்த வசனத்தை நான் எழுதவே இல்ல” என்று முணுமுணுப்பார். ஆனாலும் நகரமாட்டார். அந்த நடிகை நன்றாகத்தான் செய்தாள். அங்கேதான் வந்தது வினை.

ஒருநாள் காலை சவரம் செய்துகொண்டே வழக்கம்போல மனைவியை நினைத்தார். வந்து நின்றது நடிகை. சீ என்று தலையை உதறிவிட்டு மறுபடி நினைத்தார். மறுபடியும் அவளேதான். பாதிச் சவரத்தோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்து, கல்யாணத்தன்று அவள் நிமிர்ந்து பார்த்ததை நினைத்துப் பார்த்தார், ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததை நினைத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் அந்தப் பெண் போய் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் தொடர் ஓடும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். பலனில்லை. கடைசியில் ஒரு மாலை நேராக வந்து டிவியை அணைத்தார்.

“இனிமே இந்த வீட்டுல இது ஓடக் கூடாது.”

“ஏம்ப்பா? உங்க கதைதானே?”

“அவ உங்க அம்மா இல்ல. கொஞ்சம்கூட இல்ல.”

மகள் எழுந்துவிட்டாள். “எனக்கு எப்படித் தெரியும்? உங்க புத்தகத்த எத்தன தடவ படிச்சிருப்பேன்? கை வருது, இருமல் வருது, முகம் இருக்கவேண்டிய எடத்துல ஒண்ணுமே இல்ல. இப்பத்தான் எனக்குன்னு ஒரு அம்மா வந்தா. அது தப்புன்னா, சரியானத நீங்க சொல்லுங்க. ஊருக்கு வேணாம். எனக்குச் சொல்லுங்க.”

பெற்ற பெண்ணுக்குக்கூடத் தராமல் வைத்திருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, எழுதுகிறவர் இல்லையா, நிதானமாகவே ஆரம்பித்தார்.

“சின்ன நெத்திம்மா. புருவம் அடர்த்தியா இருக்கும். சிரிச்சா கண்ணு ரெண்டும் காணாமப் போயிடும். எடது கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம், எள்ளளவு...”

மகள் அவர் கையைப் பிடித்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

“அப்பா” என்றாள் மெல்ல. “அது அந்த நடிகையோட மச்சம்ப்பா.”

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். “பொத்திப் பொத்தி வச்சேனேம்மா” என்று வாய்விட்டு அழுதார். “போயிட்டாளே.”

மகள் டிவியைப் போடவில்லை. அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தாள் கழன்றுபோயிருந்த ஒரு பக்கத்தை எடுத்து வாசித்தாள்.

“‘அவளுடைய வலது கட்டைவிரலில் ஊசி ஏறிய தழும்பு உண்டு. பொத்தான் தைக்கும்போதெல்லாம் மற்ற கையால் அதை ஒருதரம் தடவிக்கொள்வாள்.’”

அந்தக் கை வந்தது. தழும்போடு, நகத்தோடு, சந்தேகமே இல்லாமல் அவளுடைய கை. அதற்கு மேலே பார்க்கப் பயந்துகொண்டு, அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படிம்மா” என்றார். “நிறுத்தாத.”