ஒத்திகையைக் கேட்டவள்

வீடுகளில் இருக்கிற பேசும் கருவிகள் கேட்பதில் ஒரு பகுதியை மனிதர்களும் கேட்கிறார்கள். அந்த மனிதர்களில் நானும் ஒருத்தி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, துண்டு துண்டாக வருகிற பேச்சை எழுத்தாக அடித்து, கருவி சரியாகப் புரிந்துகொண்டதா என்று குறிக்க வேண்டும். பெயர் வராது, ஊர் வராது. ஆனால் ஒரு வீட்டுத் துண்டுகள் சேர்ந்தாற்போல் ஒருவருக்கே வரும். குரல் பழகிவிட்டால் வேலை வேகமாக ஓடும் என்று ஒரு கணக்கு. தெரிந்தவர் குரலாக இருந்தால் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்திவிட வேண்டும். அந்த வீடு அதோடு வேறு ஆளுக்குப் போய்விடும். எங்கள் கூடத்தில் யாரும் அதை அழுத்தி நான் பார்த்ததில்லை. "நம்ம சொந்தக்காரங்க பேசுறதை நேர்லயே கேட்டு முடியல, இதுல வேறயா" என்று பக்கத்து இருக்கைக்காரி சிரிப்பாள்.

அன்று காலை முதல் துண்டில் ஒரு தையல் மெஷின் ஓடி நின்றது. பிறகு ஒரு குரல்: "அக்காவுக்கு போன் போடு." கொஞ்சம் இடைவெளி. "வேண்டாம், வேண்டாம். நிறுத்து."

என் தங்கை. வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. நான் அதற்கு நேர் எதிர், அவசரக்குடுக்கை. யாரையும் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லவிட மாட்டேன். அவள் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதையே அவள் வாயைத் திறப்பதற்குள் நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டேன். அந்தப் பேசும் கருவியை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான்; துணியும் கத்திரியுமாக இரண்டு கையும் எப்போதும் வேலையாக இருக்கிறதே என்று. "இதுல பேசுறது யாருக்காவது கேக்குமா க்கா?" என்று அப்போதே கேட்டாள். வேலையைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். "மெஷினுடி அது. யாருக்குக் கேக்கப்போகுது" என்றேன்.

பொத்தான் கண் முன்னால் இருந்தது. அழுத்தவில்லை. என்னைக் கூப்பிட வந்தவள் ஏன் நிறுத்தினாள் என்று தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அடுத்த துண்டு. "அக்காவுக்கு போன்... இரு, போடாத. அக்கா, சாப்டியா? ஒண்ணுமில்ல, பயப்படாத. டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு. மார்புல இருக்கறது நல்ல கட்டி இல்லையாம்."

"மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்றது கருவி.

"உனக்கே புரியல, அவளுக்கு எப்படிப் புரிய வைப்பேன்" என்று பூனை லேசாகச் சிரித்தாள். அடுத்ததில் மறுபடி முதலிலிருந்து. இந்த முறை கட்டி என்ற வார்த்தையை எடுத்துவிட்டாள். அதற்கடுத்ததில், பயப்படாதே என்று ஆரம்பித்தால்தான் அக்கா பயப்படுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கடைசித் துண்டில் பேச்சே இல்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். விதிப்படி அதற்கு "பேச்சு இல்லை, தவறிப் பதிந்தது" என்று அடிக்க வேண்டும். அடித்தேன்.

அவளாகச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்று கொஞ்சம் அறிவுள்ளவளுக்குத் தோன்றியிருக்கும். நான் சாப்பாட்டு இடைவேளைவரை பொறுத்ததே பெரிய விஷயம். வேலை நேரத்தில் பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்லும் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் நின்று அழைத்தேன்.

"பூனை, டாக்டர் என்ன சொன்னாருடி? எந்த ஆஸ்பத்திரி? லீவு சொல்லிட்டு இப்பவே வரேன்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்னடி, நீ ஏன் என்கிட்ட..."

"நான் யார்கிட்டயும் சொல்லல க்கா. இவர்கிட்டகூட இன்னும் சொல்லல. லாரி ஓட்டிட்டு இருக்கற மனுஷனுக்குப் போன்ல எதுக்குன்னு வெச்சிருந்தேன்." பூனை முட்டாள் இல்லை. "ஹெட்போன் மாட்டிக்கிட்டு டைப் அடிக்கற வேலைன்னு சொன்னியே, அது இதுதானா?"

வாயில் ஒரு பொய்கூட வரவில்லை. "ஆமா" என்றேன்.

"வேற யாரெல்லாம் கேட்டாங்க?"

"தெரியலடி."

"அழுததையும் கேட்டியா?"

"அக்காதானேடி கேட்டேன். வேத்தாளா?"

"வேத்தாள் கேட்டிருந்தா பரவால்ல க்கா. அவங்களுக்கு நான் யாரோ." குரலில் கோபமே இல்லை, இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "உடம்பு என் கைல இல்ல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுங்கறது மட்டும்தான் என் கைல இருந்துச்சு. அதுக்குத்தான் அத்தனை தடவை பழகிப் பாத்தேன். அதையும் நீயே எடுத்துக்கிட்ட."

வைத்துவிட்டாள். மாலையில் போய்ப் பார்த்தபோது துணி வெட்டுகிற மேசையில் கருவி இல்லை. உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். என்ன கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்றாள். ஒரு விருந்தாளிக்குக் கிடைக்கிற மரியாதை குறையில்லாமல் கிடைத்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் அவள் பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

ஆபரேஷன் எந்த நாள் என்று எனக்குச் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான் மனசு கேட்காமல், முடிந்த மறுநாள் ரகசியமாகச் சொன்னார். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். என்னை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனவர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. இப்ப வேண்டாமாம். அவளே கூப்பிடறேன்னு சொல்றா."

"எப்போ?"

"கேட்டேன். சொல்லல."

அவர் மறுபடி உள்ளே போனபின் கதவு முழுசாகச் சாத்தியிருக்கவில்லை. பூனையின் குரல் வந்தது. மெலிந்துபோயிருந்தது. தள்ளுவண்டிச் சக்கரம், யாரோ இருமுவது, நர்ஸ்கள் பேச்சு, எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து அந்தக் குரலை வார்த்தை வார்த்தையாக என்னால் பிரித்தெடுக்க முடியும். அதற்குத்தான் எனக்குச் சம்பளமே. "அக்கா" என்று அவள் சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு என்ன என்று தெரிந்துகொள்ள உயிர் துடித்தது.

கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினேன். வராந்தாவின் கடைசி நாற்காலிக்குப் போய், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று காவலாளி வந்து எழுப்பும்வரை அது அடிக்கவில்லை.