கண்ணைத் தள்ளிய எலும்பு

தையல் இயந்திரத்தின் ஊசிக்காதில் நூல் நுழைய மறுத்தது. வலக்கண்ணை மூடிக்கொண்ட பிறகுதான் அது வழிக்கு வந்தது. அவள் நிமிர்ந்தபோது, செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கணவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"காலங்காத்தால என்னை ஏன் இப்படி முறைக்கிற?"

"முறைக்கலைங்க. அந்தக் கண்ணு அப்படித்தான் இருக்கு. தலை வேற விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"உனக்கு என்னைக்குத்தான் தலை வலிக்கல? நாள் முழுக்கக் குனிஞ்சு தைச்சா வலிக்காம என்ன செய்யும்? ஒரு மாத்திரையைப் போட்டுக்க."

அவன் லாரி மெக்கானிக். கெட்டவனில்லை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. அதனாலேயே தான் ஒரு நல்ல கணவன் என்பதில் அவனுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அப்பாவைப் பார்த்துப் பிள்ளைகளும் அவளை 'முறைப்பு மேடம்' என்று கூப்பிட்டார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள். வலது நெற்றிப்பொட்டில் கல் மாதிரி எழும்பியிருந்த மேட்டை மட்டும் முடியை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டாள். தொட்டால் அது வலிப்பதில்லை. வலிக்காததை நோய் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வெளியூரில் வேலை பார்த்த நாத்தனார் வெகுநாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். இருவருக்கும் அத்தனை ஒட்டுதல் கிடையாது. கல்யாணத்தன்று தொடங்கிய ஏதோ மனத்தாங்கல், ஆறாமலே கிடந்தது. ஆனால் கதவு திறந்ததும் அவள் கையிலிருந்த பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

"அண்ணி, கண்ணுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லையே."

"ஒண்ணுமில்லையா? முன்னால தள்ளிக்கிட்டு நிக்குது! அண்ணா, நீ இவங்க மூஞ்சியைப் பார்க்கிறதே இல்லையா?"

"தினம்தான் பார்க்கிறேன்" என்றான் அவன், சுள்ளென்று.

நாத்தனார் அவளை உட்காரவைத்து, இடக்கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். மறு கையின் விரல்களை முகத்துக்கு நேரே நீட்டி, "இது எத்தனை?" என்று கேட்டாள்.

"எது?" என்றாள் அண்ணி.

கணவனின் முகம் வெளிறிப்போனது.

மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். ஒரு பக்க எலும்பு மெல்லிய கோடாக இருந்தது. மறுபக்கம் வெள்ளையாகத் தடித்து, கண்குழிக்குள் புடைத்திருந்தது.

"மூளையைச் சுத்தி ஒரு உறை இருக்கும்மா. கட்டி அதுல வந்திருக்கு. பார்த்தா புற்று மாதிரி தெரியலை. எடுத்துப் பரிசோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். மெதுவா வளர்ற கட்டி. ஆனா பக்கத்து எலும்புக்குள்ளேயும் இறங்கி, அதைத் தடிக்க வச்சிருக்கு. அந்த எலும்புதான் கண்ணை வெளிய தள்ளுது, பார்வை நரம்பையும் நெரிக்குது. நெத்தியில தட்டுப்படுறதும் அதே எலும்புதான்." பிறகு கணவன் பக்கம் திரும்பினார். "இது எப்ப ஆரம்பிச்சது?"

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"அவருக்குத் தெரியாது டாக்டர்" என்றாள் அவள். குரலில் கோபமில்லை. "நான் சொல்றப்பல்லாம் எல்லாரும் சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன்."

அறுவை சிகிச்சை நடந்த அன்று, பகல் முழுவதும் அவன் அந்த நீண்ட நடைவழியில் சுவரில் சாய்ந்தபடியே நின்றான். நாத்தனார் எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. கட்டியை எடுத்தார்கள், தடித்த எலும்பையும் செதுக்கி எடுத்தார்கள். புற்று இல்லை என்று முடிவு வந்தது. பிதுங்கிய கண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது, தலைவலியும் விட்டது. போன பார்வை மட்டும் திரும்பவில்லை. "கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தா..." என்று தொடங்கிய மருத்துவர், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அவன் மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள், பட்டறையில் லாரி ஓட்டுநர் ஒருவர் பேச்சுவாக்கில் அலுத்துக்கொண்டார். "வீட்டுக்காரி எப்பப் பாரு தலை வலிக்குதுங்கிறா. கேட்டுக் கேட்டு காதே புளிச்சுப் போச்சு."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கிரீஸ் கையோடு அவர் எதிரே வந்து நின்றான்.

"எல்லா தலைவலியும் கட்டி இல்லண்ணே. ஆனா அது கட்டியா இல்லையான்னு நீயும் நானும் சிரிச்சுக்கிட்டே தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் சொன்னேன். என் பொண்டாட்டியோட ஒரு கண்ணு போச்சு. கூட இருக்கிறவங்க திரும்பத் திரும்ப வலிக்குதுன்னு சொன்னா அது புலம்பல் இல்ல, நம்மளைக் கூப்பிடுறாங்க. இன்னைக்கே கூட்டிட்டுப் போ."