மருந்துப் பக்கம் மேலே

எங்கள் மலை ஆய்வுக்கூடத்தில் இரவில் வானத்தைப் படம் பிடிப்பவர்கள் வேறு, பகலில் அந்தப் படத்தைப் படிப்பவர்கள் வேறு. நான் பகல் வேலைக்காரி. பெயர் மோமோசே செட்சுகோ. கண்ணாடித் தட்டுகளை விளக்கு மேசையில் வைத்து, சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஊர்ந்து ஊர்ந்து பார்ப்பது என் பிழைப்பு. இந்த வேலையைக் கொடுத்த தெய்வங்களுக்கு ஒவ்வொரு காலையும் நன்றி சொல்லிவிட்டுத்தான் கையுறை போடுவேன்.

ஒரே தட்டில் மூன்று முறை படம் எடுப்பார்கள். முதலில் புற ஊதா ஒளியில். பிறகு தொலைநோக்கியை மயிரிழை நகர்த்திப் பச்சையில். இன்னும் கொஞ்சம் நகர்த்திச் சிவப்பில். அதனால் ஒவ்வொரு விண்மீன் திரளும் தட்டில் மூன்று கறுப்புப் பொட்டுகளாக வரிசையில் நிற்கும். இடது பொட்டு மற்ற இரண்டையும்விட அழுத்தமாக இருந்தால் அங்கே புற ஊதா ஒளி கொட்டுகிறது, அந்தத் திரளில் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். அப்படிப்பட்டவற்றைக் குறித்துப் பட்டியல் போடுவதுதான் எங்கள் வேலை.

ஒரு தட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அவரவர் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி இயக்குநரின் அலமாரியில் வைத்துவிட வேண்டும். இரண்டு உறையும் ஒன்றாகத் திறக்கப்படும்வரை கூடத்துக்குள் யாரிடமும் எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது. ஒருவர் சொன்ன எண் அடுத்தவரின் கண்ணைக் கெடுத்துவிடும் என்பார் இயக்குநர்.

ஷோவா ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, அதாவது 1984, பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள். இரவில் படமும் பிடித்துப் பகலில் தட்டும் படிப்பவர் ஒருவர் மட்டும் உண்டு, இளம் ஆய்வாளர் கமிஜோ சான்; அவருக்கு முப்பத்து நான்கு வயது. மூன்றாண்டு வேலை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. மறுநாள் முதல் பஸ்ஸில் மலை இறங்கி டோக்கியோ போய், அறிஞர்கள் கூடும் அவையில் பேச வேண்டும். அந்தப் பேச்சு நன்றாக அமைந்தால்தான் அவருக்கு இன்னொரு இடம் கிடைக்கும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், சமையல்கார டோக்குயோ சான் உட்பட.

அன்று மதியம் சோபா நூடுல்ஸ் கிண்ணத்தோடு கமிஜோ சான் வந்து உட்கார்ந்தபோது முகம் விளக்குப்போல இருந்தது.

"என்ன சின்ன சென்சே, கண்ணுக்குக் கீழ கரி பூசின மாதிரி இருக்கு, வாய் மட்டும் காது வரைக்கும் போகுது?" என்றாள் டோக்குயோ சான். படித்தவர் எல்லோரும் அவளுக்குச் சென்சே, ஆசிரியர்.

"சொல்லக் கூடாது. விதி."

"அப்ப பல்லைக் காட்டவும் கூடாது. அதுவும் சொல்ற மாதிரிதான்."

அவர் சிரித்தார். நூடுல்ஸை உறிஞ்சினார். அப்புறம் தாங்க முடியாமல் என் பக்கம் திரும்பினார்.

"மோமோசே சான், நூத்திப் பன்னெண்டு! அந்தத் தட்டுல இருக்கிற திரள் கூட்டத்துல எல்லாம் கிழடுதான் இருக்கும்னு சொல்லுவாங்க. நூத்திப் பன்னெண்டு இருக்கு! நாளைக்கு இதைத்தான் பேசப் போறேன்."

போன வாரம் அதே தட்டை நான் பார்த்து பட்டியலை உறையில் போட்டு ஒட்டியிருந்தேன். என் எண் இருபத்தேழு.

"நல்லாப் பாத்தீங்களா?" என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"ரெண்டு தடவை. பொட்டு எல்லாம் கொஞ்சம் மசமசன்னு இருந்துச்சு. உருப்பெருக்கியைக் கொஞ்சம் திருகினதும் சரியாயிடுச்சு."

என் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அந்த உருப்பெருக்கியை யாரும் திருகுவதில்லை. படம் பதிந்த மருந்துப் பக்கம் மேலே இருக்கும்படிதான் தட்டை வைப்போம், அதற்கேற்பவே அது எப்போதும் நிற்கும். திருக வேண்டி வந்தது என்றால் மருந்துக்கும் உருப்பெருக்கிக்கும் நடுவில் தட்டின் கனம் வந்திருக்கிறது. தட்டு கவிழ்ந்திருக்கிறது. கவிழ்ந்தால் இடது வலதாகிவிடும், சிவப்புப் பொட்டு புற ஊதாவின் இடத்தில் வந்து நிற்கும், சிவப்பில் அழுத்தமான கிழட்டுத் திரள் எல்லாம் புதிது போலத் தெரியும்.

அந்தத் தட்டை அன்று காலை மேசையில் வைத்தது நான்.

மூலையில் இருக்கும் சிறு வெட்டைப் பார்த்து, மருந்துப் பக்கம் மேலேதானா என்று உறுதி செய்துகொண்டு, அவரவர் தட்டை அவரவர்தான் வைக்க வேண்டும். ஆனால் கமிஜோ சான் விடியும்வரை மேலே குவிமாடத்தில் குளிரில் நின்றவர், பாவம். வந்ததும் வேலையைத் தொடங்கட்டும் என்று அடுப்பைப் பற்றவைத்தேன், தேநீருக்கு வெந்நீர் போட்டேன், தட்டையும் எடுத்தேன். அதன் வெறும் பக்கத்தில் ஒரு விரல் ரேகை தெரிந்தது. திருப்பித் துடைத்தேன். அப்போது கெண்டி பொங்கி அடுப்பில் சீறியது. தட்டைச் சட்டத்தில் வைத்துவிட்டு ஓடினேன். திருப்பினதைத் திரும்பத் திருப்பவில்லை.

சாப்பிட்டதும் வெளியே போனேன். பாதை முனையில் வழிப்போக்கரைக் காக்கும் ஜிஸோ சாமியின் சிவப்புத் துணி கட்டிய சிலை பனியில் கழுத்துவரை புதைந்து நின்றது. தலையில் இருந்த பனியைக் கையால் தட்டிவிட்டேன். மறுநாள் அவர் போய்விடுவார். உறைகள் சனிக்கிழமைதான் திறக்கப்படும். அதுவரை நான் வாய் திறக்காவிட்டால் விதியை மீறாதவள் என்ற பெயர் எனக்கு இருக்கும். தட்டை யார் வைத்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. அவர் மட்டும் நூறு பேர் முன்னால் நின்று இல்லாததைச் சொல்லிவிட்டு வருவார்.  ஆனால் ஜிஸோவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் பேசாமல் வீட்டுக்குப் போக முடியவில்லை.

திரும்பி அறைக்கு வந்தேன். அவர் மறுநாள் திரையில் காட்ட ஒளி ஊடுருவும் ஒரு தாளில் 112 என்று பெரிதாக எழுதிக்கொண்டிருந்தார்.

"கமிஜோ சான், தட்டோட மூலையைப் பாருங்க. வெட்டு எந்தப் பக்கம் இருக்கு?"

பார்த்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது.

"நான்தான் வெச்சேன்" என்றேன். "உங்களுக்கு உதவின்னு நெனச்சு வெச்சேன். கவுத்து வெச்சுட்டேன். மன்னிச்சிடுங்க." தலை தாழ்த்தினேன், நிமிரவில்லை.

 அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"தேநீர் நீங்களா போட்டு வெச்சீங்க?"

"ஆமா."

"நான் டோக்குயோ சான்னு நெனச்சேன். காலையில கை வெறச்சுப் போயிருந்துச்சு, அந்தக் கோப்பையைப் புடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்தேன்." கீழே விழுந்த பேனாவை எடுத்தார். "மூலையைப் பாக்காம ஆரம்பிச்சது நான். மூணு வருஷமா பாக்குறேன், இன்னிக்குப் பாக்கல. நிமிருங்க மோமோசே சான், எனக்குக் கூச்சமா இருக்கு."

இரண்டு பேரும் சேர்ந்து தட்டைத் தூக்கினோம். சட்டம் தாங்கியிருந்ததால் மருந்தில் ஒரு கீறல்கூட இல்லை. தெய்வ சகாயம்.

"நீங்க வெளிய இருங்க. உங்க முகத்தைப் பாத்தா எண்ணிக்கை தெரிஞ்சிடும்" என்றார்.

நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். டோக்குயோ சான் வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன, பிரசவ அறை வாசல்ல உக்காந்த மாதிரி?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். சமையலறைக்குப் போய், உள்ளே அவருக்கு ஒன்றும் வெளியே எனக்கு ஒன்றுமாக, கீரை ஊறுகாய் வைத்துச் சுட்ட இரண்டு ஒயாக்கிக் கொழுக்கட்டை கொண்டுவந்தாள். சூடு ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

இருட்டும் நேரத்தில் கதவு திறந்தது. ஒட்டிய உறை அவர் கையில் இருந்தது. முகத்தில் மதியம் இருந்த சந்தோஷம் இல்லை, ஆனால் கலக்கமும் இல்லை. திரைத்தாளில் 112 என்ற எண்ணைத் துடைத்துவிட்டு வேறொன்று எழுதியிருந்தார். அதைக் கையால் மறைத்துக்கொண்டே பெட்டியில் வைத்தார்.

சனிக்கிழமை திரும்பி வந்தார். டோக்கியோவில் தட்டைக் கவிழ்த்துப் பார்த்த கதையையும் சொன்னாராம். "மொத்த அவையும் சிரிச்சுது. ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கல. வெளிய வந்து, நானும் ஒரு தடவை கவுத்திருக்கேன், ஆனா யார்கிட்டயும் சொன்னதில்லன்னு சொன்னார். ஏப்ரல்ல தன்னோட கூடத்துக்கு வரச் சொல்லியிருக்கார்."

இயக்குநர் இரண்டு உறைகளையும் கிழித்தார். என்னுடையது இருபத்தேழு. அவருடையது முப்பத்தொன்று. இருவரும் குறித்தவை இருபத்து நான்கு. இயக்குநர் பென்சிலால் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டே போனார். முந்தின வாரம் நான் பார்த்த அதே மங்கிய பொட்டுகளை வேறொரு ஜோடிக் கண் தனியாகத் தேடிக் கண்டுபிடித்திருந்தது. அந்தச் சரிக்குறிகளைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

"இனிமே ஒருத்தர் தட்டை இன்னொருத்தர் தொடக் கூடாதுன்னு எழுதி ஒட்டிடலாமா, சென்சே?" என்று நானே கேட்டேன்.

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம். குளிர் காலத்துல யாராவது எடுத்து வெச்சாத்தான் நல்லது. ஆனா வெச்சவங்க வாய் விட்டுச் சொல்லணும், உக்கார்றவங்க பாத்துட்டுப் பதில் சொல்லணும்."

மார்ச் கடைசிவரை அப்படியே நடந்தது. சில காலைகளில் நான் வருவதற்குள் என் அடுப்பு பற்றியிருக்கும், தேநீர் மூடியிருக்கும், தட்டு மேசையில் இருக்கும். அடுத்த அறையிலிருந்து கமிஜோ சானின் தூக்கக் குரல் வரும்.

"மருந்துப் பக்கம் மேலே!"

நான் மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வேன்.

"பாத்துட்டேன். மேலே."