கைப்பிடிக்குள் இருந்த துரு

என் மனைவி நட்சுயோ என் வாளை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்து முன்னால் வைத்தாள். கைப்பிடி கழற்றப்பட்டிருந்தது. அதற்குள் மறைந்திருக்கும் அடித்தண்டு, நகாகோ என்போமே, அது புதுக் கரண்டி மாதிரி மின்னியது.

"நாளைக்குப் பெரியவங்க பாக்கப்போறாங்க. இவ்வளவு அழுக்கோடவா கொண்டுபோறது? நீங்க வெளியில போனப்பல்லாம் உக்காந்து தேய்ச்சேன்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.



அந்த வாளில் செய்தவர் பெயர் கிடையாது. அறுநூறு வருடம் பழையது என்பது என் கட்சி. "போர்க்காலத்துல தொழிற்சாலையில அடிச்ச தகடுய்யா அது" என்பான் எங்கள் வாள் சங்கத்து நோகாமி. பதினெட்டு வருடமாகக் கூட்டத்துக்குக் கூட்டம் இதே கிண்டல். தீட்டித் தீட்டி அலகு மெலிந்து, ஹமோன் என்கிற அலைக்கோடும் முக்கால்வாசி அழிந்துவிட்டது. வயதைச் சொல்ல மிச்சமிருந்தது நகாகோவில் ஏறிய கறுப்புத் துரு ஒன்றுதான். போர்க்காலத்து இரும்பென்றால் துரு சிவப்பாக இருக்கும்; கறுக்க நூற்றாண்டுகள் ஆகும். அதை எங்கள் ஆட்கள் யாரும் துடைக்க மாட்டார்கள். நாளைக் காலை நகோயாவில் மதிப்பீட்டுக் குழுவிடம் அதைத்தான் காட்டுவதாக இருந்தேன். நோகாமியும் வருகிறான், வேடிக்கை பார்க்க.

"என்ன காரியம் பண்ணித் தொலைச்சிருக்க! தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"அலகைத் தொடாதேன்னுதானே சொன்னீங்க? அதுல துணி சுத்தி வச்சுட்டுத்தான் தேய்ச்சேன். கைப்பிடிக்குள்ள இருக்கறதைப் பத்தி எப்பங்க சொன்னீங்க?"

சொல்லவில்லைதான். சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் சொல்லி மணிக்கணக்கில் விளக்குவேன். இவள் தேநீரை வைத்துவிட்டுப் போனதும் கதவைச் சாத்திக்கொள்வேன். அது நினைவுக்கு வந்ததும் எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. யார் மேல் காட்டுவது? அவள் மேல்தான் காட்டினேன். தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "உப்புத் தண்ணி தெளிச்சா திரும்ப வந்துடாதா?" என்று மெல்லக் கேட்டாள்.

"வரும். அறுநூறு வருஷம் ஆகும்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"இரு, கழுவாதே!"

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தேன். பயந்துபோய் விரல்களை விரித்தாள். நகக்கண்களிலும் ரேகைகளிலும் துரு ஒட்டியிருந்தது. ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். துளி சிவப்பு இல்லை, அத்தனையும் கறுப்பு.