வண்டியைத் தூங்க வைப்பது

சாவியைத் திருப்பினாள். 'டக்' என்றது, அதோடு சரி. புது பேட்டரி போட்ட பிறகும் அப்பாவின் பழைய காருக்குத் தினமும் காலையில் இதே கூத்துதான். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அமரர் ஊர்தி வாசலுக்கு வந்துவிட்டது. அதன் பின்னால் இந்த வண்டியில்தான் வருவேன் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

அம்மாவின் தம்பி தன் காரை மூக்கோடு மூக்காக நிறுத்தி, ஒயர் போட்டுக் கரண்டு கொடுத்தார்.

"பேட்டரி மேல பழி போடாத. எதுவோ ராத்திரி பூரா உக்காந்து தின்னுது."

"எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் மாமா வர்றேன்."

அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. அப்பாவை ஒரு ராத்திரியில் ஆம்புலன்ஸில் கொண்டுபோன மறுநாள் அவள் இந்த வண்டியை எடுத்தாள். அன்றைக்கு வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது, ஸ்டீரியோதான் பாடவில்லை. ஃபியூஸ் பெட்டியில் ஸ்டீரியோவுக்கான இடம் காலி. கழன்று விழுந்திருக்கும் என்று வேறொன்றைச் செருகினாள். பாட்டு வந்தது. அதற்கு அடுத்த நாள் வண்டி படுத்துவிட்டது.

இப்போது வண்டி உறுமிக் கிளம்பியது. முன்சீட்டில் அம்மா. மடியில் ஆஸ்பத்திரியில் கொடுத்த பை. அப்பாவின் கண்ணாடியைத் தேடி, பையிலிருந்த சட்டையின் பாக்கெட்டில் கை விட்ட அம்மா, நகம் அளவு நீலப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை எடுத்தாள். அதற்கு இரண்டு தகரக் கால்கள். ஃபியூஸ்.

"இதுவா? தினம் ராத்திரி மேசை மேல வைப்பார். என்னன்னு கேட்டா, வண்டியத் தூங்க வச்சுட்டு வந்தேன்ம்பார். கிண்டல் பண்றார்னு விட்டுட்டேன்."

முன்னால் ஊர்தி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்து திரும்பிய பின், கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அவளும் மாமாவும் ஸ்டீரியோவை வெளியே இழுத்தார்கள். பின்னால் மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. மஞ்சளில் எப்போதும் கரண்டு இருக்கும். பிடித்து வைத்த ஸ்டேஷனை ஸ்டீரியோ மறக்காமல் இருப்பது அதனால்தான். சிவப்பில் சாவி போட்டால் மட்டும் வரும். ஸ்டீரியோவை எழுப்புவதும் படுக்க வைப்பதும் அதன் பொறுப்பு. இரண்டையும் சேர்த்துவிட்டால், சாவியை எடுத்த பிறகும் அது அரைத் தூக்கத்தில் கிடந்து பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும்.

"அத்தான் கலரப் பாக்காம முறுக்கிட்டார். பிரிச்சு விடு, வேலை முடிஞ்சுது," என்றார் மாமா.

அவள் டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினாள். வாசற்படியில் நின்ற அம்மா கேட்டாள்.

"பிரிச்சா, சாவி இல்லாம பாடுமா?"

"பாடாதும்மா."

"கடைக்குப் போனா நான் இறங்க மாட்டேன், கால் வலி. அவர் சாவியக் கையோட எடுத்துட்டுப் போயிருவார். வர்ற வரைக்கும் பாட்டுக் கேட்டுட்டு உக்காந்திருப்பேன்."

மாமா ஸ்குரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் டேப்பை அழுத்தி ஒட்டினாள். மேலே இன்னொரு சுற்றும் சுற்றினாள். ஸ்டீரியோவை உள்ளே தள்ளிவிட்டு, தான் செருகிய ஃபியூஸைப் பிடுங்கி டூல்ஸ் பெட்டியில் போட்டாள். அம்மாவின் கையிலிருந்த நீல ஃபியூஸ் மேசைக்குப் போயிற்று.

மறுநாள் காலை, நீல ஃபியூஸைச் செருகிவிட்டுச் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது.