பிடித்திருக்கிறது என்று காட்டாதே

அண்ணனுக்கு வீட்டில் வைத்த பெயர் சல்லடை. தக்காளி வாங்கினாலும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, கடைக்காரரின் முகம் சுருங்கிய பிறகுதான் பையை விரிப்பார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தங்கை, அசல் சாதிக் குதிரைக்குட்டி ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சலிப்பதற்கு இதைவிடப் பெரிய சரக்கு எங்கே கிடைக்கும்?

அவளுக்கோ அது சின்ன வயது ஆசை. கல்யாணம், கடை, பிள்ளைகள் படிப்பு என்று ஒவ்வொன்றும் முண்டியடித்து முன்னால் வர, ஆசை வரிசையில் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது சவாரிப் பள்ளியின் லாயத்தில் இடம்கூடப் பிடித்தாயிற்று. குதிரைதான் பாக்கி.

காரில் போகும்போதே சல்லடை பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

"சொல்லாமக் கொள்ளாமப் போய் நிக்கணும். நாம வர்றது தெரிஞ்சா நல்லா ஓடவிட்டு, களைச்சுப்போன குதிரையைச் சாதுன்னு காட்டுவாங்க. குதிரையைப் பார்க்கிற டாக்டர் நம்ம டாக்டரா இருக்கணும். அதான் அவரையும் வரச்சொல்லிட்டேன். எல்லாத்தையும்விட முக்கியம், பிடிச்சிருக்குன்னு முகத்துல காட்டிடாதே. விலை ஏறிடும்."

"சரிண்ணா."

"சிரிக்கவும் கூடாது."

"அதான் சரின்னு சொல்லிட்டேனே!"

பண்ணைக்காரர் முழங்கால் வலிக்காரர். திடுதிப்பென்று வந்து நின்றவர்களைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. செம்பழுப்பு நிறப் பெண்குட்டியை மெல்ல நடத்திக் கூட்டிவந்தார். தாய் செத்துப்போனதால் புட்டிப்பால் கொடுத்து அவரே வளர்த்தது.

கால்நடை டாக்டரும் சல்லடையும் வேலையில் இறங்கினார்கள். கழுத்துத் தோலுக்கடியில் பதித்திருந்த அடையாளச் சிப்பின் எண்ணை வம்சப் பத்திரத்தோடு ஒப்பிட்டார்கள். பல்லை வைத்து வயதைக் கணித்தார்கள். கால்களில் வீக்கமோ சூடோ இருக்கிறதா என்று தடவினார்கள். கெட்டித் தரையில் ஓடவிட்டு, நொண்டுகிறதா என்று பார்த்தார்கள். மயக்க மருந்து ஏதும் போட்டிருந்தால் தெரியட்டும் என்று ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். குறை ஒன்றும் சிக்கவில்லை. சல்லடைக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கயிற்றை அவிழ்த்துவிட்டதும் குட்டி நேராக அவளிடம் வந்தது. தோளில் தாடையை வைத்து, கழுத்தில் சூடாக மூச்சு விட்டது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்தப் பக்கம் அண்ணன் கண்ணை உருட்டினார். அவள் குட்டியின் முகத்தை இரண்டு கையாலும் தள்ளிவிட்டு, கைக்குட்டையை எடுத்துத் தோளைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கச் சொல்லி அண்ணன் சொல்லவில்லை. பாடத்தில் அவளாகச் சேர்த்துக்கொண்டது அது.

பண்ணைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஏதோ பரவாயில்ல," என்றார் சல்லடை. "தங்கச்சிக்கு அவ்வளவா மனசில்ல. நீங்க விலையைக் கொஞ்சம் பார்த்துச் சொன்னா..."

"மனசில்லாதவங்களுக்கு நான் குடுக்கிறதில்லீங்க."

அவளுக்குப் பகீரென்றது. "ஐயோ, எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க!"

"இப்பச் சொல்றீங்க," என்றார் அவர், கோபமே இல்லாமல். "தள்ளிவிட்டது நெஜமா, இது நெஜமா? எனக்கு எப்படிம்மா தெரியும்? நீங்க எல்லாத்தையும் சோதிச்சுப் பார்த்தீங்களே, நானும் ஒண்ணு பார்த்துக்கிறேன். கூப்பிடுங்க. வந்தா ஓட்டிட்டுப் போங்க."

அவள் வேலி ஓரமாகப் போய் நின்றாள். "வாடா கண்ணு," என்றாள். "வாம்மா."

குட்டி காதை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடிக்க ஆரம்பித்தது. அவள் மறுபடி கூப்பிட்டாள். அது தலையைத் தூக்கவில்லை.

திரும்பும் வழியில் சல்லடைக்கு ஏக திருப்தி. "நல்லவேளை, தப்பிச்சோம். கூப்பிட்டா வராத குதிரை! இதைச் சோதிக்கணும்னு எனக்கே தோணலை பாரேன்."

அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. முகத்தில் காட்டவில்லை. காலையிலிருந்து அந்தப் பழக்கம்தானே.