மேலாளர் ஜெயித்தே தீர வேண்டிய ஆட்டம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. கல்லூரி கேன்டீனில் எதிரே உட்கார்ந்து ஒருவன் புலம்பியதை அப்படியே ஓசியில் அமுக்கிக்கொண்டேன். பெயரைப் போடாதே என்று கெஞ்சினான். ஆகவே தம்பி என்று வைத்துக்கொள்வோம். தம்பி என்றால் அக்கா இருந்தாக வேண்டும். இருக்கிறாள்.

முதலில் எழுதிய தொடக்கம்: "விளையாட்டரங்கும் நாடக அரங்கும் மனிதகுல வரலாற்றில்..."

அடித்துவிட்டேன். கதை கைவசம் இல்லாதவன்தான் மனிதகுலத்தைத் துணைக்கு அழைப்பான்.

2

தம்பி நாடகவியல் மாணவன். தேற வேண்டுமானால், ஏதாவதொரு நிகழ்த்துகலையை நேரில் பார்த்துவிட்டு வந்து பேராசிரியை முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருடம் அம்போ. நாடகங்கள் நடந்த மாலைகளிலெல்லாம் தம்பி தூங்கினான். அவன் கண்ணால் கண்டது ஒன்றே ஒன்று: அக்காவின் அலுவலகத்தில் அக்காவே ஆடிய டேபிள் டென்னிஸ் இறுதியாட்டம்.

"அதுவும் நிகழ்த்துகலைதான் மேடம். மேடை இருக்கு, அதுக்குன்னு உடுப்பு இருக்கு, பாக்க ஆள் இருக்கு."

"ஐகோர்ட்டுலகூட இதெல்லாம் இருக்குப்பா."*

"அப்ப என்னதான் மேடம் வித்தியாசம்?"

"நடிக்கிறவங்களுக்கு முடிவு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி நிக்கணும். விளையாடறவளுக்குத் தெரியுமா? தெரியும்னு காட்டு, பாஸ் போடறேன்."

தம்பியால் காட்ட முடியும். ஏனென்றால் அக்காவுக்கு முடிவு தெரியும்.

(* இந்த இடத்தில் ஒரு கோட்பாட்டாளரை மேற்கோள் காட்டுவது மரபு. எனக்குத் தெரிந்த கோட்பாட்டாளர் எவரும் மேசைக்கடியில் குனிந்து பந்து பொறுக்கியதில்லை. விட்டுவிட்டேன்.)

3

அக்கா அங்கே தற்காலிக ஊழியை. நிரந்தரமாக்கும் கையெழுத்து மேலாளருடையது. அந்த அலுவலகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: இறுதியாட்டத்தில் மேலாளர் ஜெயிப்பார். எதிராளி ஏனோதானோவென்று தோற்கவும் கூடாது. மூச்சு வாங்க ஆடி மயிரிழையில் தோற்க வேண்டும். போன முறை சுலபமாகத் தோற்றவர் இப்போது கிடங்கில் அட்டைப்பெட்டி எண்ணுகிறார். எனவே அரையிறுதியிலேயே தோற்றுவிட அடிதடி நடக்கும். அக்கா புதுசு, விவரம் தெரியாமல் ஜெயித்துத் தொலைத்தாள்.

ஆட்டத்தன்று காலை கண்ணாடி முன் ஒத்திகை.

"டேய், தோத்த மூஞ்சி இது போதுமா?"

"பால் பொங்கி வழிஞ்ச மாதிரி இருக்குக்கா. கொஞ்சம் குறை."

(இன்னொன்று. பேராசிரியை அந்த மேலாளரின் மனைவி. தற்செயலா என்று கேட்காதீர்கள். இன்னொரு ஆளைப் படைக்கச் சோம்பல். ஆக, தம்பி உண்மையைச் சொன்னால் அது சாப்பாட்டு மேசைவரை போகும். அக்காவின் வேலையும் போகும்.)

4

அக்காவின் இளமைக்காலம். அடித்துவிட்டேன். ஒருத்தி தோற்பதற்குக் குழந்தைப் பருவத்தில் காரணம் தேடுவது அநாகரிகம்.

5

சிக்கல் இங்கேதான். பாதி ஆட்டம்வரை எல்லாரும் பிரமாதமாக நடித்தார்கள். கணக்காளர் நகம் கடித்தார். வரவேற்பாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அப்போது மேலாளர் வலையில் உரசிய பந்தில் ஒரு புள்ளி எடுத்துவிட்டு, "கவலப்படாதம்மா, பழகப் பழக வரும்" என்றார்.

அதன்பின் அக்கா அடித்த அடி ஒத்திகையில் இல்லாதது. அலுவலகமே கைதட்ட மறந்தது. சமநிலைக்கு ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி. கடைசிப் பந்தை ஓங்கி அடித்தாள். மேசை விளிம்பை நூலளவில் தவறவிட்டுப் பந்து வெளியே போனது. அவள் முகம் காலையில் கண்ணாடியில் பார்த்த முகம் அல்ல.

அவள் வேண்டுமென்றேதான்

அவள் உண்மையாகவே

(இரண்டு வாக்கியங்களும் அதற்குமேல் நகர மறுக்கின்றன.)

அன்று மாலை தம்பி கேட்டான். "அக்கா, கடைசிப் பந்த வேணும்னுதான வெளிய அடிச்ச?"

"பாக்க எப்படி இருந்துச்சு?"

"நிஜம் மாதிரி."

"அப்புறம் என்ன. போய்த் துணிய மடி."

6

முடிவு அ: தம்பி போட்டுடைக்கிறான். தேறுகிறான். அக்காவுக்குக் கிடங்குகூடக் கிடைக்கவில்லை, நேராக வாசல்.

முடிவு ஆ: தம்பி கல்லாகிறான். வருடம் போகிறது. தியாகி என்று யாரும் சொல்லவில்லை, சோம்பேறி என்கிறார்கள். அதுவும் பொய்யில்லை.

முடிவு இ: தம்பி பேராசிரியையை நேருக்கு நேர் பார்த்துச் சொல்கிறான். "இல்ல மேடம். எங்கக்காவுக்கு முடிவு தெரியாது. நிஜமாவே தோத்தா. சார் அவ்வளவு நல்லா ஆடுனாரு."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றுகிறார்.

"அவர் கையில மட்டையக் குடுத்தா கொசுகூடச் சாகாது. கட்டிக்கிட்டவ சொல்றேன். இப்ப நீ நடிக்கறியா, நிஜமாத்தான் சொல்றியா?"

நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நடிக்கிறான் என்று பாஸ் போட்டால் அக்கா நடித்தாள் என்றாகிவிடும். நிஜம் என்று நம்பினால் அது வெறும் விளையாட்டு, தம்பி பெயில்.

பேராசிரியையை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டேன். நீங்கள் போய் உட்காருங்கள். தம்பி உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். இவ்வளவு நேரம் காலாட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தீர்கள் அல்லவா, ஏதாவது சொல்லுங்கள்.